புளிப்பும் போதையும் பிரியும் இடம்

ரஷ்யா, உக்ரைன், போலந்து நாட்டுக் கிராமங்களில் விருந்து என்றால் மேசை நடுவே ஒரு கண்ணாடி ஜாடி இருக்கும். உள்ளே பிஞ்சு வெள்ளரிக்காய்கள், பூண்டுப் பல், சதகுப்பைத் தண்டு, கலங்கலான உப்புநீர். பக்கத்தில் வீட்டில் வடித்த சாராயம். ரஷ்யாவில் அதற்குச் ‘சமகோன்’ என்று பெயர். தானே வடித்தது என்று பொருள். ஒரு மிடறு சாராயம், உடனே ஒரு கடி வெள்ளரிக்காய். சிலர் காயைத் தொடாமல் ஜாடி நீரையே குடிப்பார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 2006 வாக்கில் ஒரு மதுக்கூடம் விஸ்கியையும் அதன் பின்னாலேயே வெள்ளரி ஊறிய நீரையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியது. அந்தப் பழக்கம் வெகு சீக்கிரம் ஊர் ஊராகப் பரவியது. ஆலிவ் காய் ஊறிய நீரை ஜின்னில் கலக்கும் மார்டினி அதற்கெல்லாம் மூத்தது.

இந்தக் கோப்பையைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி உண்டு. ஊறுகாய் ஜாடியிலும் சாராயப் பானையிலும் முதலில் இருந்தது சர்க்கரைதான். இரண்டையும் மூடித்தான் வைக்கிறார்கள். இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அந்தச் சர்க்கரையைத் தின்கின்றன. அப்படியிருக்க, ஒன்று ஏன் புளிக்கிறது, மற்றொன்று ஏன் போதை தருகிறது?

பனை மரத்தடியில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் புதிர் பழகியது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர். தடவாமல் கட்டினால் விடிவதற்குள் கள். அதே கள்ளை மேலும் ஓரிரு நாள் விட்டுவைத்தால் வாயில் வைக்க முடியாத புளிப்பு. பாளையிலிருந்து சொட்டியது மூன்றிலும் ஒரே சாறுதான்.

முதலில் ஜாடியைப் பார்க்கலாம். கோடையில் பிஞ்சு வெள்ளரி மலிவாகக் கிடைக்கும்போது நான் வீட்டில் போடுவது வழக்கம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, 40 கிராம் கல்லுப்பைக் கரைத்து, காய்கள் முழுவதும் மூழ்கும்படி ஊற்றி, மேலே ஒரு சின்னக் கிண்ணத்தைப் பாரமாக வைப்பேன். வினிகர் ஒரு சொட்டும் கிடையாது. முதல் நாள் ஒன்றும் நடக்காது. இரண்டாம் நாள் ஜாடியைத் தட்டினால் பக்கவாட்டிலிருந்து சரம் சரமாகக் குமிழிகள் ஏறும். மூன்றாம் நாள் நீர் அரிசி களைந்த தண்ணீர் போல வெளுத்துக் கலங்கும். பளிச்சென்று இருந்த பச்சை மங்கி, பழைய பித்தளைப் பாத்திரத்தின் நிறத்துக்கு வரும். இலைப்பச்சையத்தின் நடுவில் இருக்கும் மெக்னீசியத்தை அமிலம் வெளியே தள்ளிவிடுவதால் வரும் நிறமாற்றம் அது. நம் ஊர் வெக்கையில் ஐந்தாம் நாள் காய் சுள்ளென்று புளித்திருக்கும்.

இதில் உப்பு இரண்டு வேலை செய்கிறது. காயின் செல்களிலிருந்து நீரையும் அதோடு கொஞ்சம் சர்க்கரையையும் வெளியே இழுக்கிறது. பள்ளிப் பாடத்தில் சவ்வூடுபரவல் என்று படித்தோமே, அதுதான். இரண்டாவது வேலை, ஆள் பொறுக்குவது. காயின் தோலில் ஆயிரம் வகை நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. 4 சதவீத உப்பில் அழுகல் கிருமிகள் பலவற்றுக்கு மூச்சு முட்டும். லாக்டிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தாங்கும். காய்கறி ஊறல்களில் வழக்கமாக முதலில் களமிறங்குவது லூகோநாஸ்டாக் மெசென்டராய்டிஸ். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் ஆள் நமக்கு உறவு. உளுந்தோடு வந்து இட்லி மாவைப் பொங்க வைப்பது இதேதான். குமிழி விடுவது இதன் கைவரிசை. கொஞ்ச நாளில் தான் உண்டாக்கிய புளிப்பைத் தானே தாங்க முடியாமல் இது ஒதுங்கிக்கொள்ள, இன்னும் புளிப்பைத் தாங்கும் பிளான்டாரம் என்ற இனம் மீதிச் சர்க்கரையில் பெரும்பகுதியை முடிக்கிறது. புளிப்பு ஏற ஏற பி.எச். அளவு 3.5 வரை இறங்கும். 4.6க்குக் கீழே போய்விட்டாலே உயிரைப் பறிக்கும் பாட்யூலிசம் கிருமி வளர முடியாது. வெள்ளரி ஜாடி மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது இதனால்தான்.

நம் மாவடு ஜாடியில் உப்பு இதைவிட மிக அதிகம். அங்கே இந்தப் பாக்டீரியாக்களுக்கே கை கால் ஓடாது. மாவடுத் தண்ணீரின் புளிப்பு பெரும்பாலும் மாங்காயே கொடுத்தது.

இனி சாராயப் பானை. அதில் இதே பாக்டீரியா புகுந்தால் என்ன ஆகும்? 1856இல் பிரான்ஸின் லீல் நகரில் பிகோ என்ற வடிப்பாலைக்காரருக்கு அதுதான் நடந்தது. அவர் பீட்ரூட் சாற்றை நொதிக்க வைத்துச் சாராயம் வடிப்பவர். சில தொட்டிகளில் ஆல்கஹால் குறைந்து சாறு புளித்து வீணாகிக்கொண்டிருந்தது. அவருடைய மகன் படித்த கல்லூரியில் இளம் வேதியியல் பேராசிரியராக இருந்தவர் லூயி பாஸ்டர். பிகோ அவரிடம் போனார். பாஸ்டர் நல்ல தொட்டியிலிருந்தும் கெட்ட தொட்டியிலிருந்தும் துளி துளியாக எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட் செல்கள். கெட்டதில் அவற்றைவிட மிகச் சிறிய, நீளவாட்டான வேறு உருவங்கள்.

அந்தக் காலத்தில் பெரிய வேதியியலாளரான லீபிக் உள்பட பலரும், நொதித்தல் என்பது பொருள் தானாகச் சிதைவது, உயிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றே நம்பினார்கள். 1857இல் பாஸ்டர் தன் கட்டுரையில் நேர் எதிரானதைச் சொன்னார்: புளிப்புக்கு ஓர் உயிர், ஆல்கஹாலுக்கு இன்னோர் உயிர். புளித்த பாத்திரத்திலிருந்து துளி எடுத்துப் புதிய சர்க்கரைக் கரைசலில் விட்டபோது அதுவும் அதேபோலப் புளித்தது. தயிருக்கு உறை ஊற்றும் எந்த வீட்டிலும் இது தெரிந்த விஷயம்தான். ஆனால் அதை வைத்தே வேதியியலாளர்களின் நம்பிக்கையை அசைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்ப்பு.

‘உயிர் செய்கிறது’ என்பது பாதி விடைதான். உயிர் அதை எப்படிச் செய்கிறது என்பது மீதி. 1897இல் ஜெர்மனியின் எடுவர்ட் புக்னர் ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து, செல்களே இல்லாத சாற்றை எடுத்தார். அது கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று, நாம் பழப்பாகில் போடுவதுபோலச் சர்க்கரையைக் கொட்டினார். சாறு நுரைத்துப் பொங்கியது. உயிருள்ள ஒரு செல்கூட இல்லாமல் ஆல்கஹால் உண்டாகியிருந்தது! செல்லுக்குள் இருக்கும் நொதிகள் என்ற வேலையாட்கள்தான் சர்க்கரையை உடைக்கின்றன என்பது அப்படித் தெரியவந்தது. 1907இல் அவருக்கு நோபல் பரிசு. அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் எம்டன், மேயர்ஹாஃப், பர்னாஸ் முதலானோர் ஒவ்வொரு படியாகப் பிரித்துப் பார்த்தார்கள். தசையில் சர்க்கரை உடையும் வழியும் ஈஸ்டில் உடையும் வழியும் கடைசிக்குச் சற்று முன்புவரை ஒன்றாகவே இருந்தன.

அந்தக் கடைசி இடத்தைப் புரிந்துகொள்ள ஒரு டீக்கடைக்குப் போவோம். கடையில் மொத்தமே பத்து கிளாஸ்தான். பால் கொதிக்கிறது, டிகாக்‌ஷன் தயார், வாசலில் கூட்டம். ஆனால் குடித்த கிளாஸ்கள் காலியாகித் திரும்பி வந்தால்தான் அடுத்த டீ. வராவிட்டால் அடுப்பு எரிந்தும் வியாபாரம் நின்றுவிடும். செல்லிலும் இதுதான் நிலைமை. ஆறு கார்பன் கொண்ட ஒரு சர்க்கரை மூலக்கூறு உடைந்து, மும்மூன்று கார்பன் கொண்ட இரண்டு பைருவேட் துண்டுகளாகிறது. அதில் செல்லுக்குக் கொஞ்சம் ஆற்றல் லாபம். அப்படி உடையும்போது கழலும் ஹைட்ரஜனை ஏந்திக்கொள்ள என்.ஏ.டி. என்ற மூலக்கூறுகள் இருக்கின்றன. அவைதாம் நம் கிளாஸ்கள், எண்ணிக்கையில் கொஞ்சம். அவற்றை எங்காவது கவிழ்த்துக் காலி செய்தால்தான் அடுத்த சர்க்கரையை உடைக்க முடியும். நம் உடம்பில் அந்த ஹைட்ரஜனைக் கடைசியில் வாங்கிக்கொள்வது மூச்சில் வரும் ஆக்சிஜன். மூடிய ஜாடியில் அதற்கு எங்கே போவது?

லாக்டிக் பாக்டீரியா குறுக்கு வழி பிடிக்கிறது. கையில் இருக்கும் பைருவேட்டின் மேலேயே ஹைட்ரஜனைக் கொட்டிவிடுகிறது. கொட்டியதும் கிடைப்பது லாக்டிக் அமிலம். மூன்று கார்பனும் அப்படியே இருக்கும். ஈஸ்ட் கூடுதலாக ஒரு காரியம் செய்கிறது. பைருவேட்டிலிருந்து ஒரு கார்பனைக் கிள்ளி, கார்பன் டை ஆக்சைடாக வெளியே விடுகிறது. கள்ளுப் பானை நுரைப்பது அதனால்தான். மிச்சமிருக்கும் இரண்டு கார்பன் துண்டான அசிட்டால்டிஹைடின் மேல் ஹைட்ரஜனைக் கொட்டினால் ஆல்கஹால். புளிப்பும் போதையும் பிரிவது பைருவேட் என்ற இந்த ஒரே முச்சந்தியில். நாம் ருசிக்கும் இரண்டுமே அந்த உயிர்களுக்குக் கிளாஸ் கழுவிய தண்ணீர். கழுவிய தண்ணீரே போட்டியாளர்களைக் கொல்லும் விஷமாகவும் அமைந்துவிட்டது அவற்றுக்குப் பெரிய வசதி.

லூகோநாஸ்டாக் இந்த முச்சந்திக்கு வேறொரு சந்து வழியாக வந்து, லாக்டிக் அமிலத்தோடு கொஞ்சம் ஆல்கஹால், கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு என்று கலந்து விடும். இட்லி பஞ்சு போல இருப்பது அந்த வாயுவால்.

ஈஸ்டின் தொழிலுக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஆல்கஹால் 15 சதவீதத்தை நெருங்கும்போது பெரும்பாலான ஈஸ்ட் வகைகள் தாம் உண்டாக்கிய விஷத்திலேயே முடங்கிவிடும். அதற்குமேல் வேண்டுமானால் காய்ச்சித்தான் வடிக்க வேண்டும். தண்ணீர் மூலக்கூறுகள் அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவை. கூட்டத்தைவிட்டுச் சுலபத்தில் கிளம்பாது. ஆல்கஹாலின் பிடி அவ்வளவு பலமில்லை. 10 சதவீத ஊறலைச் சூடாக்கினால் 93 டிகிரியை ஒட்டிக் கொதிக்கத் தொடங்கும். முதலில் எழும் ஆவியைக் குளிர்வித்தால் ஏறக்குறைய பாதி ஆல்கஹாலாக இருக்கும். அதோடு நாற்றமடிக்கும் வேறு பல பொருள்களும் வரும். 1785இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தோபியாஸ் லோவிட்ஸ் என்ற மருந்தாளர், மரக்கரி அப்படிப்பட்ட அசுத்தங்களைத் தன் பரப்பில் பிடித்துவைத்துக்கொள்வதைக் கண்டுபிடித்தார். பரப்புக்கவர்ச்சி என்று இதைச் சொல்கிறோம். சாராயத்தைக் கரியில் வடிகட்டும் வழக்கத்துக்கும் நம் வீட்டுத் தண்ணீர் வடிகட்டியில் இருக்கும் கரிக்கும் அடிப்படை ஒன்றே.

ஓட்காவின் 40 சதவீதத்தை நிர்ணயித்தவர் தனிம அட்டவணை தந்த மெண்டலீவ் என்று ஒரு கதை உலவுகிறது. அது சரியல்ல, ரஷ்யாவில் அந்த அளவு 1843லேயே வந்துவிட்டது, அப்போது அவருக்கு வயது ஒன்பது. ஆனால் 1865இல் அவர் எழுதிய முனைவர் ஆய்வேடு ஆல்கஹாலும் தண்ணீரும் கலப்பதைப் பற்றியதுதான். 50 மில்லி தண்ணீரில் 50 மில்லி ஆல்கஹாலை ஊற்றினால் 100 மில்லி வராது. 96ஐ ஒட்டித்தான் நிற்கும். ஒரு படி பட்டாணியில் ஒரு படி கடுகைக் கொட்டினால் கடுகு இடுக்குகளில் இறங்கிவிடுவதுபோல, இரண்டும் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்கின்றன.

வீட்டுச் சாராயம் என்றதும் நமக்கு வருவது பயம்தான். 2023 மே மாதம் மரக்காணம் பகுதியில் கள்ளச்சாராயச் சாவுகள், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட சாவுகள். இரண்டுக்கும் காரணம் மெத்தனால். அந்தச் செய்திகள் வந்த நாட்களில், ‘சரியாகக் காய்ச்சவில்லை, ஊறல் விஷமாகிவிட்டது’ என்று பலரும் சொல்லக் கேட்டேன். இந்தத் தவறான எண்ணம் மாற வேண்டும் என்பதில் எனக்கு ஆதங்கம் உண்டு.

மெத்தனால் எங்கிருந்து வரும்? நம் வெள்ளரி ஜாடிக்கே திரும்புவோம். காயைக் கடித்தால் ‘நறுக்’ என்று சத்தம் வருவது செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பசையால். அந்தப் பசையின் நீண்ட சங்கிலியில் வரிசையாக மெத்தில் குஞ்சங்கள் தொங்கும். காயிலேயே இருக்கும் ஒரு நொதி அந்தக் குஞ்சங்களை வெட்டிவிடும். வெட்டிய இடத்தில் சுண்ணாம்புச் சத்து வந்து இரண்டு சங்கிலிகளை இறுக்கினால் காய் இன்னும் மொறுமொறுப்பாகும். வேறு சில நொதிகள் சங்கிலியையே துண்டாக்கிக் காயைக் கொழகொழவென்று ஆக்கிவிடும். அவற்றை முடக்கத்தான் ரஷ்யப் பாட்டிகள் ஜாடியில் ஓக் இலை, திராட்சை வகை இலை என்று துவர்ப்பு இலைகளைப் போடுகிறார்கள். நான் கொய்யா இலை போடுகிறேன். வெட்டி விழுந்த மெத்தில் குஞ்சம்தான் தண்ணீரில் மெத்தனாலாகிறது. அளவு மிக மிகக் குறைவு. பழச்சாற்றிலும் இது உண்டு. பழத்தைத் தோலோடு நொதிக்க வைத்து வடிக்கும் சாராயத்தில் சற்றுக் கூடும்.

வெறும் சர்க்கரையில் பெக்டினே கிடையாது. சமகோன் பெரும்பாலும் சர்க்கரைச் சாராயம். இதற்கு நாடு தழுவிய ஒரு சாட்சியம் உண்டு: 1985 மே மாதம் கோர்பச்சேவ் மதுவுக்குக் கடும் கட்டுப்பாடு கொண்டுவந்தார், ஓரிரு ஆண்டுகளில் சோவியத் கடைகளில் சர்க்கரை காணாமல் போய், ரேஷனில் கொடுக்க வேண்டியதாயிற்று. அவ்வளவும் வீட்டு ஊறலுக்குப் போயிருந்தது. நம் ஊர் வெல்ல ஊறலும் இதே ரகம். ஈஸ்டால் சர்க்கரையிலிருந்து ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் உண்டாக்க முடியாது. கள்ளக்குறிச்சியில் இறந்தவர்களைக் கொன்றது ஆலைகளுக்கான மெத்தனால். டிரம்மில் வந்தது, மனிதர் கையால் கலந்தது. அப்படிக் கலந்தபின் அதை வீட்டு வடிப்பில் பிரித்தெடுக்க வழியில்லை. ‘மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதிக்கும், முதலில் வடிவதைக் கொட்டிவிட்டால் போதும்’ என்பதும் தப்பு. அது தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை கூடவே வடியும். உடம்புக்குள் போனதும் கல்லீரல் நொதி அதை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றும். பார்வை நரம்பு முதலில் அடிபடும். அதே நொதிக்குச் சாதாரண ஆல்கஹாலின் மேல் ஈர்ப்பு அதிகம் என்பதால், ஃபோமெபிசோல் மருந்து கிடைக்காத இடங்களில் மருத்துவர்கள் ஆல்கஹாலையே அளந்து கொடுத்து நொதியைத் திசைதிருப்புவதுண்டு. மங்கலாகத் தெரிகிறது என்று ஒருவர் சொன்னால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மறுபடி விருந்து மேசைக்கு வருவோம். சாராயம் ஏன் தொண்டையை எரிக்கிறது? நாக்கிலும் தொண்டையிலும் இருக்கும் நரம்பு முனைகளில் டி.ஆர்.பி.வி.1 என்ற ஏற்பி இருக்கிறது. 1997இல் டேவிட் ஜூலியஸ் இதைக் கண்டுபிடிக்கத் துணையாக இருந்தது மிளகாயின் காரப்பொருள். 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வழக்கமாக 42 டிகிரிக்கு மேல் சூடு பட்டால்தான் இந்தக் கதவு திறந்து ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் சொல்லும். மிளகாய் பட்டால் சூடில்லாமலே திறக்கும். ஆல்கஹால் என்ன செய்கிறது என்று 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது: கதவு திறக்கும் அளவையே 34 டிகிரிக்கு இறக்கிவிடுகிறது. நம் உடம்போ 37 டிகிரி. சாராயம் சுடவில்லை, நம் தொண்டையின் சொந்தச் சூட்டைத்தான் நாம் நெருப்பாக உணர்கிறோம்.

புளிப்புநீர் இந்த எரிச்சலை ‘முறிக்கிறது’ என்பார்கள். வேதியியலில் அப்படி முறிப்பு எதுவும் நடப்பதில்லை. லாக்டிக் அமிலமும் ஆல்கஹாலும் கூடி மணமுள்ள எஸ்டர் ஆகலாம், ஆனால் அதற்கு ஒரு மிடறு விழுங்கும் நேரம் போதாது. அமிலம் தன் பங்குக்கு அதே கதவைத் தட்டவும் செய்யும். எரிச்சல் தணிவது வேறு வழிகளில். ஜாடிநீர் ஆல்கஹாலைக் கழுவி நீர்க்கச் செய்கிறது. சில்லென்று இருப்பதால் தொண்டையின் சூட்டை இறக்குகிறது. புளிப்பு எச்சிலைப் பெருக்குகிறது. உப்பின் பங்கு இன்னும் நுட்பமானது. 1997இல் பிரெஸ்லின், போஷாம்ப் இருவரும் காட்டியபடி, உப்பு கசப்பை அமுக்கி மற்ற சுவைகளை மேலே வரவிடுகிறது. சாராயத்தில் ஒரு கசப்பு எப்போதும் உண்டு. பாகற்காய்க்கு உப்பு போட்டுப் பிசறும் கைக்கு இந்த ரகசியம் தெரியும். ஐம்பது மில்லி சாராயத்தில் இருபது மில்லி ஜாடிநீரை ஊற்றி ஐஸ் போட்டால், 40 சதவீதம் ஏறக்குறைய 29க்கு இறங்கி, ஐஸ் உருக உருக இன்னும் இறங்கும். கசப்பு அடங்கி, சதகுப்பையும் பூண்டும் மணக்கும். குடிப்பவருக்கு அது இதமாகத் தெரியும். உள்ளே போகும் ஆல்கஹால் ஒரு துளியும் குறையவில்லை என்பதை அவர் மறந்துவிடக் கூடாது.

போன கோடையில் ஒரு ஜாடியைப் பரண்மேல் வைத்து மறந்துபோனேன். பன்னிரண்டாம் நாள் இறக்கிப் பார்த்தால், மேலே வெண்மையாக ஓர் ஆடை சுருக்கம் சுருக்கமாகப் படர்ந்திருந்தது. பூஞ்சணமோ என்று பயந்து, முகர்ந்து, கரண்டியால் ஒரு துளியை எடுத்துப் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் தன் கல்லூரி நுண்ணோக்கியில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினாள். சின்னச் சின்னக் குச்சிகளுக்கு நடுவே, அவற்றைவிடப் பல மடங்கு பெரிய உருண்டைகள், சிலவற்றின் தோளில் அரும்பு விட்டபடி. பாக்டீரியாக்கள் விட்டுவைத்த சர்க்கரைக்கும் மேலே கிடைத்த காற்றுக்கும் ஈஸ்ட் வந்து சேர்ந்திருந்தது. ஆடையை வழித்து எறிந்துவிட்டு ஜாடியைத் திறந்து வைத்தேன். பூண்டு வாசனைக்கு அடியில், மிக லேசாக, கள்ளின் வாடை வந்தது.